தூக்கம் வராதவரின் குற்றம்

லெஸ் குட்மனுக்கு இரவில் சரியாகத் தூக்கம் வருவதில்லை. பின்னிரவில் எழுந்து வாசலுக்கு வருகிறார், சற்று நின்று வானத்தைப் பார்க்கிறார், திரும்ப உள்ளே போய்விடுகிறார். அக்கம்பக்கத்துப் பெண் ஒருத்தி இதைப் பார்த்திருக்கிறாள். அப்போது அவளுக்கு அது ஒன்றுமாகத் தோன்றவில்லை. தெருவில் மின்சாரம் நின்றுபோன ஒரு மாலையில்தான் அது நினைவுக்கு வருகிறது. வந்ததும் வாய்விட்டுச் சொல்கிறாள். அதன்பின் லெஸ் குட்மன் தூக்கம் வராத மனிதர் அல்ல, வானத்தைப் பார்த்து யாருக்காகவோ காத்திருந்தவர்.

1960 மார்ச் 4 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ‘தி ட்விலைட் ஸோன்’ தொடரின் ஒரு பகுதியாக வந்த ‘தி மான்ஸ்டர்ஸ் ஆர் டியூ ஆன் மேப்பிள் ஸ்ட்ரீட்’ நாடகத்தில் இது ஒரு நிமிடம்கூட நீடிக்காத இடம். மொத்த நாடகமே சுமார் இருபத்தைந்து நிமிடம்தான். எழுதியவர் ராட் செர்லிங், இயக்கியவர் ரொனால்ட் வின்ஸ்டன். பயத்தில் மனிதர்கள் எடுக்கும் அவசர முடிவுகள் ஊரைக் கெடுக்கும் கதைகள் அறிவியல் புனைவில் ஏராளம். அசிமோவின் ‘நைட்ஃபால்’ (1941) கதையில் ஆறு சூரியன்களின் வெளிச்சத்தில் வாழ்ந்து பழகிய மக்கள், 2,049 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் இருட்டைத் தாங்கமாட்டாமல், வெளிச்சம் வேண்டும் என்று தங்கள் நகரங்களையே எரிக்கிறார்கள். பிரம்மாண்டமான கற்பனைதான். ஆனால் ஒரு நாகரிகமே எரியும்போது அதில் எந்த முகமும் நமக்குத் தெரிவதில்லை. செர்லிங் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு தெரு. பயம் எந்த வாயிலிருந்து எந்தக் காதுக்குப் போகிறது, போகிற வழியில் எப்படி உருமாறுகிறது என்பதை அவர் வாக்கியம் வாக்கியமாகக் காட்டுகிறார். திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்வது அந்த நுணுக்கம்தான்.

முதல் நயம் கதை தொடங்கும் முன்பே இருக்கிறது. கோடையின் கடைசி நாட்கள், சனிக்கிழமை மாலை, மரங்கள் நிற்கும் தெரு. வாசல் ஊஞ்சல்கள், பிள்ளைகளின் சிரிப்பு, ஐஸ்கிரீம்காரரின் மணி. ஒருவர் கார் கழுவுகிறார். கதைசொல்லியாக வரும் செர்லிங்கின் குரல் இவற்றை எண்ணிக் காட்டிவிட்டு, ஓர் உறுமலும் ஒளியும் வரும், அப்போது மணி மிகச் சரியாக 6.43 என்கிறது. வந்த பிறகு சொல்லவில்லை. வருவதற்கு முன்பே, ரயில் நிலைய அறிவிப்புக்குரிய நிதானத்தோடு சொல்கிறது. பார்ப்பவருக்கு நேரம் தெரியும், தெருவுக்குத் தெரியாது. இந்த நாடகத்தில் ஒன்றை முன்கூட்டி அறிந்தவர்கள் இரண்டு தரப்பினர்: நாமும், கடைசிக் காட்சியில் வரப்போகிறவர்களும். நம்மை யாரோடு கூட்டுச் சேர்த்திருக்கிறார் என்பது கடைசியில்தான் உறைக்கும்.

நிழல்போல் ஒன்று தலைக்கு மேலே கடந்து போகிறது. விண்கல்லாக இருக்கும் என்கிறார்கள். பிறகு விளக்கு எரியவில்லை, அடுப்பு எரியவில்லை, தொலைபேசி ஊமை, புல்வெட்டும் யந்திரம் நின்றுவிட்டது. பேட்டரியில் ஓடும் கைரேடியோவும் பேசவில்லை, கார்களும் கிளம்பவில்லை. ‘கரண்ட் கட்’ என்று சொல்லித் தேற்றிக்கொள்ள முடியாதபடி அந்த இரண்டையும் செர்லிங் கடைசியில் வைக்கிறார். பீட் வான் ஹார்ன் என்பவர், அடுத்த தெருவில் மின்சாரம் இருக்கிறதா பார்த்துவிட்டு வருகிறேன் என்று கொல்லைப்புறமாகக் கிளம்புகிறார். வேலைக்காரர் உடை, இடுப்பில் தொங்கும் ஒரு சுத்தி. அந்தத் தெருவிலேயே உருப்படியான யோசனை அது ஒன்றுதான். அதைச் செய்த மனிதர் நாடகத்தின் பெரும்பகுதியில் கண்ணில் படுவதே இல்லை. பேசுகிறவர்கள் தெருவில் இருக்கிறார்கள், பார்த்துவரப் போனவர் இருட்டில் நடந்துகொண்டிருக்கிறார்.

இனி டாமி. ஸ்டீவ் பிராண்டும் சார்லியும் ஊருக்குள் போய்க் காவல்துறையைப் பார்க்கலாம் என்று புறப்படும்போது இந்தச் சிறுவன் தடுக்கிறான். போகாதீர்கள், அவர்களுக்கு அது பிடிக்காது என்கிறான். யாருக்கு? வானத்திலிருந்து வந்தவர்களுக்கு. கதைகளில் அப்படித்தான் நடக்கும், படையெடுக்கும் முன் சிலரை அனுப்பிவைப்பார்கள், பார்த்தால் மனிதர்கள்போலவே இருப்பார்கள், அப்பா அம்மா இரண்டு பிள்ளைகள் என்று ஒரு குடும்பமாக. அம்மா அவனை அதட்டுகிறாள், பெரியவர்கள் சிரிக்கப் பார்க்கிறார்கள்.

இங்கே செர்லிங் செய்யும் காரியத்துக்குத் துணிச்சல் வேண்டும். தெருவுக்குப் பயம் ஏற்கெனவே வந்துவிட்டது, ஆனால் அதற்கு உருவம் இல்லை. உருவம் கொடுப்பது அறிவியல் புனைகதை. செர்லிங் எழுதிக்கொண்டிருப்பதும் அதே வகைக் கதை. தன் சரக்கையே சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார். 1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸ் வானொலியில் நடத்திய செவ்வாய்ப் படையெடுப்பு நாடகத்தைக் கேட்டு நாடே தெருவுக்கு ஓடியதாகப் பத்திரிகைகள் எழுதின. ஓட்டம் அவ்வளவு பெரிதல்ல, பத்திரிகைகள் ஊதியதே அதிகம் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் ‘கதை கேட்டு ஊர் ஓடும்’ என்ற நம்பிக்கை அமெரிக்கர்களின் மனதில் தங்கிவிட்டது. மேப்பிள் தெருவில் யாரும் ஓடுவதில்லை. கதையை வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே அக்கம்பக்கத்தை ஒவ்வொரு வீடாக எண்ணிப் பார்க்கிறார்கள். இது ஓடுவதைவிட மோசம்.

அந்த எண்ணிக்கையைத் தொடங்கிவைப்பது யார் தெரியுமா? சார்லி அல்ல. கூட்டத்திலேயே நிதானமானவர், நியாயமானவர், நாம் முதலிலிருந்தே நம்பும் ஸ்டீவ் பிராண்ட். பையன் சொன்னதைக் கேட்டு வேடிக்கையாக, அப்படியானால் நம்மில் யார் யார் உண்மையான மனிதர்கள் என்று ஒரு கணக்கெடுத்துவிட வேண்டியதுதான் என்கிறார். சிரிப்பு எழுகிறது. கொஞ்சம் நடுங்கிய சிரிப்பு. இறுக்கத்தைத் தளர்த்தத்தான் அவர் சொன்னார். ஆனால் பையனிடம் இருந்தது ஒரு கதை மட்டுமே, அதை ஒரு செயல்திட்டமாக மாற்றிக் கொடுத்தது பெரியவரின் கிண்டல். அடுத்த நிமிடம் அந்தக் கணக்கெடுப்பு நிஜமாகவே தொடங்குகிறது. இதை எந்தப் பாத்திரமும் பிறகு சுட்டிக்காட்டுவதில்லை, கதைசொல்லியும் சொல்வதில்லை. தன் நாடகத்தில் மற்ற பலவற்றை உரக்கச் சொல்லிவிடும் செர்லிங் இதை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறார்.

குட்மன் தன் காரைக் கிளப்பிப் பார்க்கிறார், வரவில்லை. இறங்கி நாலடி நடக்கிறார். கார் தானாக உறுமத் தொடங்குகிறது. அவரே திகைத்து நிற்கிறார். கூட்டம் அவரை நோக்கி நகர்கிறது, நடை ஓட்டமாகிறது. ஸ்டீவ் கத்தி நிறுத்துகிறார், நாம் ஒரு கும்பலாகிவிடக் கூடாது என்கிறார். நின்றுவிடுகிறார்கள். முதல் வேகத்தை ஒரு சொல் நிறுத்திவிடுகிறது என்பதைச் செர்லிங் விடாமல் பதிவுசெய்கிறார். அறிவுக்கு இன்னும் அதிகாரம் இருக்கிற கட்டம் அது. அடுத்த தடவை அதே ஸ்டீவின் குரலுக்கு என்ன மதிப்பு என்று பார்க்க நமக்கு ஓர் அளவுகோலையும் தந்துவிடுகிறார்.

நின்றவர்கள் கேள்வி கேட்கத் தொடங்குகிறார்கள். அந்தப் பெண்ணுக்குப் பின்னிரவும் வானமும் நினைவுக்கு வருவது இப்போதுதான். குட்மன் தனக்குத் தூக்கம் வராத வியாதி என்கிறார். இந்த வீட்டில் ஐந்து வருடமாக இருக்கிறோமே என்கிறார். இந்தக் குற்றச்சாட்டின் நேர்த்தியைக் கவனிக்க வேண்டும். தூங்காததற்குச் சாட்சி கிடையாது, தழும்பு கிடையாது. எல்லோரும் தூங்கும் நேரத்தில்தான் அது நடக்கிறது. ‘பார்த்தேன்’ என்று ஒருத்தி சொல்லலாம், ‘சும்மாதான் நின்றேன்’ என்று அவர் சொல்லலாம். இரண்டில் எதை நம்புவது என்பதைக் கேட்பவரின் மனநிலை மட்டுமே முடிவுசெய்யும். திருடினார், பொய் சொன்னார் என்று ஏதாவது உருப்படியாகக் குற்றம் சாட்டியிருந்தால் மறுக்கலாம், நிரூபிக்கலாம். இதற்கு மறுப்பே இல்லை. எழுத்தாளர் எத்தனை குற்றங்களை யோசித்துத் தள்ளிவிட்டு இதில் வந்து நின்றிருப்பார் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

செர்லிங் இதற்கு வந்துசேர்ந்த பாதை அவருடைய தொழில் வாழ்க்கையிலேயே இருக்கிறது. 1955 ஆகஸ்டில் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் கொல்லப்பட்டான், கொன்றவர்களை நடுவர் குழு விடுவித்தது. கொலைகாரனைக் காப்பாற்றும் ஓர் ஊரைப் பற்றிச் செர்லிங் ‘நூன் ஆன் டூம்ஸ்டே’ என்ற தொலைக்காட்சி நாடகம் எழுதினார். 1956இல் அது ஒளிபரப்பானபோது உருத்தெரியாமல் சிதைந்திருந்தது. விளம்பரதாரர்களுக்குத் தென்மாநிலங்களின் கோபம் பயம். கதைக்களம் வடக்கே நியூ இங்கிலாந்துக்குப் போனது, இறந்தவன் யாரோ ஓர் அயலான் ஆனான். தெற்கின் வாடை வரக்கூடாதென்று காட்சியிலிருந்து கோகோ கோலா பாட்டில்கூட அகற்றப்பட்டதாகச் சொல்வார்கள். இனி நேராகச் சொல்ல விடமாட்டார்கள் என்று கண்டுகொண்ட செர்லிங், செவ்வாய்க்காரன் வாயில் போட்டால் எதையும் சொல்லலாம் என்ற முடிவுக்கு வந்தார். 1959 அக்டோபர் 2இல் ‘தி ட்விலைட் ஸோன்’ தொடங்கியது.

மேப்பிள் தெருவில் கறுப்பர் இல்லை, குடியேறி வந்தவர் இல்லை, ஏழை இல்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி கார். அந்தக் காலத்துத் தொலைக்காட்சிக்கு அதுதான் வழக்கம் என்பதும் உண்மை. ஆனால் செர்லிங் அந்த வழக்கத்தையே ஆயுதமாக்கிக்கொண்டார். நிறத்தைப் பார்த்துச் சந்தேகிக்கிறார்கள் என்று காட்ட விடவில்லையா, சரி, வேறுபாடே இல்லாத ஒரு தெருவைக் காட்டுகிறேன், அங்கும் ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவார்கள் பாருங்கள் என்கிறார். அகப்படுவது தூக்கமின்மை. வெறுப்பிலிருந்து பயம் பிறப்பதாகத்தான் நாம் பொதுவாக நினைப்போம். இங்கே பயம் முதலில் வருகிறது, வெறுக்க ஆள் தேடுவது பிறகு. தணிக்கை இல்லாதிருந்தால் இந்த நாடகம் இத்தனை கூர்மையாக வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். தணிக்கைக்கு நன்றி சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தொல்காப்பியர் அச்சம் என்ற மெய்ப்பாட்டுக்கு நான்கு பிறப்பிடங்களைச் சொல்கிறார்: தெய்வம், விலங்கு, கள்வர், தம் அரசர். நான்கும் அஞ்சுபவனைவிட வலியவை, அல்லது அவனுக்கு வெளியே இருப்பவை. நம்மைப்போலவே கார் கழுவிக்கொண்டிருக்கும் அடுத்த வீட்டுக்காரர் அந்தப் பட்டியலில் இல்லை. அணுகுண்டு யுகத்து அமெரிக்காவில் அவரையும் சேர்க்க வேண்டியதாயிற்று.

இரவாகிறது. மெழுகுவர்த்திகள். இந்த இடத்தில் கதை வேகம் பிடிக்க வேண்டும், எந்த எழுத்தாளரும் அதைத்தான் செய்வார். செர்லிங் மாறாக வேகத்தைக் குறைத்து, சார்லியையும் அவர் மனைவியையும் வாசலில் உட்காரவைக்கிறார். சார்லி எதிரே குட்மன் வீட்டைக் கண்காணிக்கிறார். மனைவிக்கு மனம் ஒப்பவில்லை, அவர்கள் நம் பழைய அயலார்களாயிற்றே, எதெல் குட்மன் எனக்குச் சிநேகிதியாயிற்றே என்கிறாள். அதெல்லாம் ஒன்றுமில்லை என்கிறார் சார்லி. சாதாரண நாளாக இருந்தால் விட்டுவிடலாம், இது சாதாரண நாள் இல்லையே என்கிறார். இந்த ஒரு வாதத்தைச் சார்லி மனைவியிடம் சொல்கிறார், அதே வாதத்தை அந்தக் காலத்து அரசாங்கங்கள் குடிமக்களிடம் சொல்லிக்கொண்டிருந்தன. சார்லியாக நடித்த ஜாக் வெஸ்டன் இதை வில்லன் தொனியில் சொல்வதில்லை. வீட்டுக்குப் பூட்டு போட்டாயிற்றா என்று கேட்கிற குடும்பஸ்தனின் அக்கறையோடு சொல்கிறார். அதனால்தான் அவரை முழுதாக வெறுக்க முடிவதில்லை.

அடுத்து ஸ்டீவின் முறை. இரவெல்லாம் நிலவறையில் உட்கார்ந்து ஒரு ரேடியோ கட்டிக்கொண்டிருக்கிறாராமே, யாரும் அதைப் பார்த்ததில்லையே, யாரோடு பேசுகிறார் என்று கேட்கிறார்கள். ஹாம் ரேடியோ என்னும் அமெச்சூர் வானொலி அப்போது லட்சக்கணக்கானவர்களின் பொழுதுபோக்கு. மனைவி மைரா பதறிப்போய், அது வெறும் ரேடியோதான், கீழேதான் இருக்கிறது, வந்து பாருங்கள், நானே காட்டுகிறேன் என்கிறாள். ஸ்டீவ் அவளைத் தடுக்கிறார். எதையும் காட்டாதே, பார்க்க வேண்டுமென்றால் சோதனை ஆணை கொண்டு வரட்டும் என்கிறார்.

நாடகத்தின் உச்சம் எனக்கு இந்த இடம்தான், துப்பாக்கி வெடிக்கும் இடமல்ல. மைரா சொல்வது புத்திசாலித்தனம். காட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. ஸ்டீவ் சொல்வது நியாயம். பக்கத்து வீட்டுக்காரன் கேட்டான் என்பதற்காக வீட்டைத் திறந்து காட்டினால், நாளைக்கு எல்லா வீடும் எல்லோருக்கும் கணக்குக் காட்ட வேண்டும். 1950இலிருந்து 1954 வரை செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி நாடெங்கும் கம்யூனிஸ்டுகளைத் தேடினார். அதற்கு முன்பே, 1947இல், ஹாலிவுட்டில் கறுப்புப் பட்டியல் தொடங்கியிருந்தது. விசாரணைக் குழுமுன் பெயர்களைச் சொல்லிவிட்டவர்களுக்கு வேலை கிடைத்தது, சொல்ல மறுத்தவர்கள் சிறைக்கும் போனார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவரான டால்டன் ட்ரம்போவின் பெயர் மறுபடி திரையில் வந்தது, இந்த நாடகம் ஒளிபரப்பான அதே 1960இல்தான். மைராவின் பக்கமா ஸ்டீவின் பக்கமா என்று கேட்டால் அன்றைய பார்வையாளருக்கு அது கதைக் கேள்வி அல்ல. செர்லிங் அதற்குப் பதில் தரவில்லை. சரியான முடிவைத்தான் ஸ்டீவ் எடுக்கிறார், அந்தச் சரியான முடிவே அவர்மேல் சந்தேகத்தைப் பெருக்குகிறது. ஆத்திரத்தில் அவர் இன்னொன்றும் செய்கிறார். ஆமாம், விண்வெளி அரக்கர்களோடு பேசுகிறேன், மூன்று தலைப் பச்சை மனிதர்களோடு பேசுகிறேன் என்று குத்தலாகக் கத்துகிறார். மறுபடியும் கிண்டல். மாலையில் இதே மனிதரின் கிண்டலுக்குச் சிரித்த தெரு இப்போது சிரிக்கவில்லை. சிரிப்பு எப்போது நின்றது என்பதை வைத்தே இந்த நாடகத்தில் வெப்பநிலையை அளந்துவிடலாம். ஸ்டீவாக நடித்த கிளாட் ஏக்கின்ஸ் நல்ல ஆகிருதியுள்ளவர். அத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, தன் சொல் எடுபடவில்லை என்று அவர் திகைக்கும் முகம் மறக்காது.

இருட்டில் காலடி ஓசை. ஓர் உருவம் நடந்து வருகிறது. அரக்கன் என்று டாமி அலறுகிறான். யாரோ துப்பாக்கி கொண்டுவருகிறார்கள். ஸ்டீவ் அதை வாங்கிக்கொண்டு, யாராவது கொஞ்சம் யோசியுங்கள் என்று மன்றாடுகிறார். பேச்சு போதும் என்று சார்லி பிடுங்கிச் சுடுகிறார். விழுந்தவர் பீட் வான் ஹார்ன்.

அடுத்த தெருவில் மின்சாரம் இருந்ததா? நமக்குக் கடைசிவரை தெரியாது. அந்த மாலை முழுவதும் தெருவுக்குத் தேவைப்பட்ட ஒரே தகவல் அது. தெரிந்திருந்தால் இது நம் தெருவுக்கு மட்டும் வந்த வினையா, ஊர் முழுக்க உள்ளதா என்பது விளங்கியிருக்கும். அந்தத் தகவல் தன் காலால் நடந்து அவர்களிடம் வந்துகொண்டிருந்தது. அதைத்தான் சுட்டார்கள். கொலை என்ற அளவில் இது கொடுமை, ஆனால் கொடுமையோடு செர்லிங் நிற்கவில்லை. பயந்த கூட்டம் முதலில் இழப்பது கருணையை அல்ல, செய்தியை என்று இதே காட்சியில் சத்தமில்லாமல் நிறுவிவிடுகிறார்.

சார்லி உளறுகிறார். எனக்கு எப்படித் தெரியும், வீட்டைக் காப்பாற்றத்தானே சுட்டேன் என்கிறார். அந்நேரம் அவர் வீட்டில் விளக்கு எரிகிறது. உடனே தர்க்கம் திரும்புகிறது. திருப்புகிறவர் யார் என்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது: லெஸ் குட்மன். இத்தனை நேரம் குற்றவாளிக் கூண்டில் நின்றவர். சுடுவதற்கு இவ்வளவு அவசரம் ஏன் சார்லி, எங்களுக்கு ஆள் காட்டியதும் நீதானே, பீட் எதையோ சொல்ல வந்தானோ, அது வெளிவரக் கூடாதென்றுதான் முந்திக்கொண்டாயோ என்கிறார். பாதிக்கப்பட்டவருக்குப் பரிதாபம் தேடித் தந்துவிட்டு ஒதுங்குகிற எழுத்தாளர் இதை எழுதமாட்டார். சந்தேகத்தின் கசப்பை அனுபவித்த மனிதர் அதை ஒழிக்கப் பார்க்கவில்லை, அடுத்தவர் கையில் தள்ளிவிட்டுத் தான் தப்பிக்கப் பார்க்கிறார். அவ்வளவுதான். கல் பறக்கிறது, நெற்றியில் ரத்தம். ஓடிப்போய் வாசலில் நின்றுகொண்டு சார்லி தன் பங்குக்கு ஒரு பெயரைச் சொல்கிறார், அந்தப் பையன், டாமி, அவனுக்குத்தானே எல்லாம் முன்பே தெரிந்திருந்தது என்று. கூட்டம் ஒரு குழந்தையைத் துரத்துகிறது. கதைக்கு உருவம் தந்தவனிடமே கதை வந்து சேர்கிறது. பிறகு இந்த வீட்டில் விளக்கு, அந்த வீட்டில் விளக்கு, எங்கோ கார் உறுமல், எரிவதும் அணைவதுமாக. கேமரா சாய்கிறது, முகங்கள் துண்டு துண்டாகத் தெரிகின்றன. யார் யாரை அடிக்கிறார்கள் என்பது நமக்கே பிடிபடுவதில்லை. இதில் இயக்குநரின் கைவண்ணம் உண்டு, ஆனால் நான் அதிகம் ரசிப்பது இதற்கு முந்தைய அமைதியைத்தான்.

பிறகு குன்றின்மேல் ஒரு விண்கலம், இருவர், கையில் ஒரு சிறு கருவி. ஒருவன் இன்னொருவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறான்: சில யந்திரங்களை நிறுத்து, சில மணிநேரம் இருட்டில் விடு, பிறகு வேடிக்கை பார், தங்களுக்குள்ளேயே எதிரியைத் தேடிக்கொள்வார்கள், உலகம் முழுக்க இப்படி மேப்பிள் தெருக்கள் இருக்கின்றன. விண்கலக் காட்சி எம்ஜிஎம் நிறுவனத்தின் ‘ஃபர்பிடன் பிளானட்’ (1956) படத்துக்காக எடுத்தது, சிக்கனத்துக்காக இங்கே மறுபடி பயன்பட்டது. அந்த விளக்கத்துக்குப் பிறகு செர்லிங்கின் குரலும் வந்து பாரபட்சம் கொல்லும், சந்தேகம் அழிக்கும் என்று தெளிவுரை சொல்கிறது. இது எனக்கு உறுத்தல். குட்மனின் தூக்கமின்மையையும் பீட்டின் மௌனத்தையும் இத்தனை நுட்பமாக எழுதத் தெரிந்தவர், கடைசியில் பார்வையாளர்மேல் நம்பிக்கை இழந்து கோனார் நோட்ஸ் எழுதியிருக்கிறார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். குன்றின்மேல் நிற்பவர்களிடம் வெறுப்போ வெறியோ இல்லை. வேலை கற்றுக்கொடுக்கும் மேஸ்திரியின் குரல்தான் கேட்கிறது. மாலை 6.43 என்று முன்கூட்டியே அறிவித்த குரலின் நிதானமும் அதுவேதான். அவர்கள் நின்ற இடத்தில்தான் நாமும் முதலிலிருந்து நின்றிருக்கிறோம்.

இதே கதையை 1960இல் செர்லிங் சிறுகதையாகவும் எழுதிப் புத்தகத்தில் சேர்த்தார். அதில் மறுநாள் காலை தெருவில் உயிரே இல்லை. சில நாட்களில் புதியவர்கள் குடிவருகிறார்கள். அழகானவர்கள், நல்ல தலைவாகு உடையவர்கள், ஆளுக்கு இரண்டு தலை. நாடகத்தின் உபதேசத்தைவிட இந்தக் குரூரமான நையாண்டி எனக்கு உவப்பு.

பதினெட்டு மாதம் கழித்து அவரே இன்னொரு தெருவை எழுதினார். 1961 ஜூலை 25 அன்று பெர்லின் நெருக்கடி பற்றி நாட்டுக்கு உரையாற்றிய கென்னடி, அணுத்தாக்குதலில் தப்பிக்கப் பதுங்கிடங்கள் தேவை என்றார். ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்தது. செப்டம்பர் 29இல் ‘தி ஷெல்டர்’ ஒளிபரப்பானது. ஒரு டாக்டரின் பிறந்தநாள் விருந்து, அயலார் வாழ்த்திக்கொண்டிருக்கும்போது வானொலியில் எச்சரிக்கை, அடையாளம் தெரியாத பொருட்கள் வானில் வருகின்றன. டாக்டரின் பதுங்கறையில் மூவருக்கு மட்டுமே இடம். விருந்துக்கு வந்தவர்கள் கதவை உடைக்கப் பார்க்கிறார்கள். இங்கே செர்லிங் குடியேறி வந்த ஒருவரையும் வைக்கிறார், அவரை அந்நியன் என்று இன்னொருவர் ஏசி அடிக்கிறார். மேப்பிள் தெருவில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்த வேறுபாடு இங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. கதவை இடிக்க ஒரு குழாய் வேண்டும், அது அடுத்த தெருக்காரரிடம் இருக்கிறது. அவரிடம் போய்க் கேட்டால் அந்தத் தெருவே இங்கு வந்துவிடுமே, இது நம் தெருவின் பதுங்கறையாயிற்றே என்று தயங்குகிறார்கள். உடைக்கப்போகும் கதவின் சொந்தக்காரர் உள்ளே இருக்க, உடைப்பவர்களுக்கு அதன்மேல் உரிமையுணர்வு வந்துவிட்டது. கதவு உடைந்ததும் வானொலி திருத்திச் சொல்கிறது: வந்தவை செயற்கைக்கோள்கள், ஆபத்தில்லை. உடைத்ததற்குப் பணம் தந்துவிடுகிறோம், தெருவிருந்து ஒன்று வைப்போம் என்கிறார்கள். மேப்பிள் தெருவில் எல்லோரும் அழிந்துபோவதைவிட, இங்கே எல்லோரும் மறுநாள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டியிருப்பது பெரிய தண்டனை.

2002-03இல் ‘தி ட்விலைட் ஸோன்’ மறுபடி எடுக்கப்பட்டபோது மேப்பிள் தெருவையும் புதுப்பித்தார்கள். இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிந்தைய அமெரிக்கா அது. இந்த முறை கருவியை இயக்குவது விண்வெளிக்காரர்கள் அல்ல, சொந்த நாட்டு ராணுவம். பயங்கரவாத அச்சத்தில் சிற்றூர் மக்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று பரிசோதிக்கிறார்கள். காலத்துக்குப் பொருத்தமான மாற்றம்தான், புத்திசாலித்தனமானதும்கூட. இருந்தாலும் அதில் ஏதோ குறைகிறது. ராணுவம் என்று காட்டியதும் பார்ப்பவருக்குக் கோபப்பட ஓர் ஆள் கிடைத்துவிடுகிறது. சார்லியையும் அவர் மனைவியையும் மன்னித்து, பழி முழுவதையும் குன்றின்மேல் ஏற்றிவிட்டுத் தொலைக்காட்சியை அணைத்துவிடலாம். 1960இன் குன்றில் நின்ற இருவர்மேல் அப்படி ஏற்ற முடியாது. ஊர்பேர் தெரியாத அவர்கள் விளக்கைத்தான் அணைத்தார்கள், கல்லை எடுத்துக் கொடுக்கவில்லை.